மூன்று தரம் சொல்ல ஆளில்லாத ஏலம்

நம்மில் பலர் ஏலத்தை முதலில் கண்டது கோயில் வீதியில்தான். மாம்பழத் திருவிழா முடிந்ததும் ஒருவர் பழத்தை உயர்த்திப் பிடிப்பார். "ஐயாயிரம்", "ஆறாயிரம்" என்று குரல்கள் ஏறும். குரல் தளரும்போது ஏலம் கூறுபவர் "ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று இழுப்பார். அந்த இழுப்புக்குள் பின்வரிசையில் இருந்து இன்னொருவர் கை தூக்குவார். எண்ணிக்கை திரும்ப முதலில் இருந்து தொடங்கும். கேட்க விரும்புகிறவர் ஒருவராவது மிச்சமிருக்கும்வரை அந்த ஏலம் முடியாது.

இணைய ஏலத்தில் தரம் சொல்ல ஆளில்லை. மணிக்கூடு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடியும் என்று போட்டிருந்தால், பத்துப் பேர் இன்னும் கூடக் கேட்கத் தயாராக இருந்தாலும் ஆறு மணிக்கு முடிந்துவிடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் என்னிடம் வந்து "அண்ணை, நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தன், எப்படி அவனுக்குப் போனது?" என்று கேட்டவர்கள் எல்லோரும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் வழுக்கியிருந்தார்கள்.

கோயில் ஏலத்தில் இருந்து நாம் கூட்டிக்கொண்டு வரும் இன்னொரு பழக்கம் இதைவிட ஆபத்தானது. அங்கே கூடக் கேட்பது புண்ணியம். பழத்தின் பெறுமதியை யாரும் பார்ப்பதில்லை. பணம் கோயிலுக்குப் போகிறது, ஊர் பார்த்து மகிழ்கிறது. விட்டுக்கொடுக்காமல் கேட்ட குடும்பத்துக்கு அது ஒரு பெருமை, நியாயமான பெருமை. அதே மனநிலையோடு கைத்தொலைபேசித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால், முகம் தெரியாத ஒருவரோடு மானப் பிரச்சினையில் இறங்கிவிடுவோம். கூடக் கொடுத்த பணம் எங்கோ ஒரு வியாபாரிக்குப் போகும்.

நம்முடைய ஊரிலேயே ஏலத்தைத் தொழிலாகச் செய்கிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்போம். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் சொமர்வில் நிறுவனத்தின் இடத்தில் தொடங்கியது. அதன்பின் சுமார் 137 ஆண்டுகள் வாயால் கேட்கும் ஏலமாகவே நடந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது மண்டபத்தில் ஆட்கள் கூட வழியில்லாமல் போயிற்று. ஏப்ரல் தொடக்கத்திலேயே ஏலம் முழுவதாக இணையத்துக்கு மாறியது. ஒரு தலைமுறை பேசிப் பேசித் தள்ளிப்போட்ட மாற்றம் சில நாட்களில் நடந்து முடிந்தது. குரல் போய்ப் பொத்தான் வந்தும் வாங்குகிறவர்கள் தடுமாறாததற்குக் காரணம், அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி ஏலத்துக்கு முன்பே முடிந்துவிடுவதுதான். தரகர்கள் பட்டியலை அனுப்புவார்கள், மாதிரித் தேயிலையும் அனுப்புவார்கள். வாங்குகிறவரின் சுவைஞர் ஒவ்வொன்றையும் ஊற்றி, உறிஞ்சி, துப்பி, பட்டியலின் ஓரத்தில் ஒரு விலையை எழுதிவைப்பார். ஏலத்தன்று அந்த விலையைத் தாண்டினால் அடுத்த தொகுதிக்குப் போய்விடுவார். அவருக்கு அதில் தோல்வி என்று ஒன்றும் இல்லை. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஓரக்குறிப்புத்தான்.

திரையில் தெரியும் விலை யாருடைய விலை?

1995இல் தொடங்கிய ஈபேயை எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் அதிகம் குழம்புவது அங்கேதான். அங்கே நீங்கள் எழுதும் தொகை நீங்கள் செலுத்தும் விலை அல்ல. "இதுவரைக்கும் போகலாம்" என்று ஒரு முகவரிடம் காதுக்குள் சொல்லிவைக்கும் உச்சத் தொகை அது. அந்த முகவர் ஒரு இயந்திரம். மற்றவர் கேட்டதை ஒரு படி தாண்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் உங்களுக்காகக் கேட்கும். உச்சத் தொகை உங்களுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான இரகசியம்.

ஒரு உதாரணத்தை முழுவதாகப் பார்ப்போம். பிளேட் நிறுவனம் அச்சிட்ட பழைய கொழும்புத் தபாலட்டை ஒன்று, புறக்கோட்டைக் காட்சி, ஏலத்துக்கு வருகிறது. தொடக்க விலை 9.99 டொலர். முதலாமவர் 40 என்று எழுதுகிறார். திரையில் 9.99 என்றுதான் தெரியும். அடுத்ததாக நீங்கள் வந்து 15 கேட்கிறீர்கள். அந்தக் கணமே விலை 15.50 ஆகிறது, "உங்களை மிஞ்சிவிட்டார்கள்" என்ற செய்தி வருகிறது. 22 கேட்கிறீர்கள், 22.50 ஆகிறது. 30 கேட்டால் 31. 38 கேட்டால் 39. நள்ளிரவில் ஒருவன் கண்விழித்து உங்களுக்கு எதிராகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பது போலத் தோன்றும். கோபம் வரும். உண்மையில் முதலாமவர் நாலு நாளைக்கு முன்பே 40 எழுதிவிட்டு நித்திரைக்குப் போய்விட்டார். உங்களோடு மோதுவது அவர் விட்டுச்சென்ற ஒற்றைத் தொகை. கடைசியில் 45 எழுதுகிறீர்கள். விலை 41 ஆகிறது, நீங்கள் முன்னுக்கு வருகிறீர்கள். 40க்கு மேல் ஒரு படி. அதுதான் கணக்கு.

படியின் அளவு விலையோடு மாறும். ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் 5 டொலரில் இருந்து 24.99 வரை படி 50 சதம், 25இல் இருந்து 99.99 வரை 1 டொலர், 100இல் இருந்து 249.99 வரை 2.50 டொலர். இது தெரியாதபடியால்தான் மேலே விலை ஒருமுறை அரை டொலராலும் ஒருமுறை ஒரு டொலராலும் ஏறியதைப் பார்த்துச் சிலர் மோசடி என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னும் மூன்று குழப்பங்கள். இருவர் ஒரே உச்சத் தொகையை எழுதியிருந்தால் முந்தி எழுதியவருக்கே பொருள். மேலே நீங்களும் 40 எழுதியிருந்தால் தோற்றிருப்பீர்கள். அதனால் முழு எண்ணை எழுதாமல் 40.37 போல உடைந்த தொகையை எழுதுவது பயன்தரும். 40இல் நிற்கிறவரை அது 37 சதத்தால் தாண்டும், முழுப் படியும் தேவைப்படாது. இது நேர்மையான வழிதான், விதிக்கு உட்பட்டது. அடுத்தது, முன்னுக்கு நிற்கும்போது உங்கள் உச்சத் தொகையைக் கூட்டினால் திரை விலை பொதுவாக ஏறாது. உங்களோடு நீங்களே போட்டிபோடுவதில்லை. ஆனால் விற்பவர் ஒரு இரகசியக் குறைந்தபட்ச விலை வைத்திருந்தால், உங்கள் தொகை அதைத் தொடும்போது திரை விலை அந்த இடத்துக்குப் பாயும். மூன்றாவது, புள்ளி தவறி 40.50க்குப் பதில் 4050 என்று அடித்துவிட்டால் கேட்டதை மீளப்பெறலாம். முடிவுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் நேரம் உண்டு. அதற்குள் வந்துவிட்டால், கேட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் மட்டுமே முடியும். உறுதிப்படுத்தும் பக்கத்தை வாசிக்காமல் அழுத்தாதீர்கள்.

வெல்பவர் செலுத்தும் விலையை அவருக்கு அடுத்து நிற்பவரின் தொகை தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டை 1961இல் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் ஆராய்ந்து எழுதினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்படிப்பட்ட ஏலத்தில் உங்களுக்கு உண்மையில் என்ன பெறுமதியோ அதையே எழுதுவதுதான் சிறந்த உத்தி என்று அவர் காட்டினார். குறைத்து எழுதினால் பொருள் கைநழுவலாம், விலை குறையாது.

கடைசிப் பத்து வினாடி

உண்மைத் தொகையை முதல்நாளே எழுதிவிட்டுப் போனால் போதும் என்றால், ஏன் இத்தனை பேர் கடைசி வினாடியில் பாய்கிறார்கள்? எதிரில் இருப்பவர் விக்ரியை வாசித்திருக்கவில்லை என்பதால். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பவர். "மிஞ்சிவிட்டார்கள்" என்ற செய்தி வந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். நீங்கள் செவ்வாய்க்கிழமை 45 எழுதினால், ஞாயிறுவரை அவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறீர்கள். கடைசிப் பத்து வினாடியில் எழுதினால் அவருக்குக் கோபப்படக்கூட நேரமில்லை.

அல்வின் ரொத், அக்செல் ஒக்கென்ஃபெல்ஸ் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அக்காலத்தில் அமேசோனும் ஏலம் நடத்தியது. அங்கே கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் இன்னும் 10 நிமிடம் நீளும். நம்முடைய "இரண்டு தரம்" போல. ஈபேயில் நீளாது. கடைசி நேரப் பாய்ச்சல் ஈபேயில்தான் மிக அதிகமாக இருந்தது. அவர்கள் கண்ட இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஈபேயிலேயே கணனிகளைவிடப் பழம்பொருட்களில் கடைசி நேரக் கேட்பு அதிகம். பழம்பொருளைத் தெரிந்தவர் முன்னமே கேட்டால், "இவரே கேட்கிறார் என்றால் இது அசல்தான்" என்று மற்றவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அறிவுள்ளவர் தன் அறிவைக் கடைசிவரை மறைக்கிறார். இலங்கை முத்திரை சேர்ப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். 1859இல் வெளிவந்த நாலு பென்ஸ் மங்கிய ரோஜா நிற முத்திரை போன்ற அரிய ஒன்று என்று சொல்லி வரும் பொருளுக்கு ஆறு நாளாக ஆர்வலர்கள் யாரும் கேட்கவில்லை என்பதால் அது போலி என்று முடிவெடுக்க முடியாது. அதேபோல் பலர் முண்டியடிக்கிறார்கள் என்பதால் அசல் என்றும் முடிவெடுக்க முடியாது. அந்த முத்திரைக்குப் போலிகள் நிறைய. நம்பகமான நிபுணர் சான்றிதழ் இல்லாமல் அதைத் தொடவேண்டாம்.

கடைசி நேரத்தில் கேட்க விரும்பினால் நேரக் கணக்கு சரியாக இருக்கவேண்டும். அமெரிக்கப் பசிபிக் நேரம் ஞாயிறு மாலை 6 மணி என்பது நமக்குத் திங்கள் காலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தும் நேரம், காலி வீதியில் வாகனம் நெரியும் நேரம். இங்கிலாந்தில் ஞாயிறு இரவு 8 மணி என்பது நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30, குளிர்காலத்தில் 1.30. நம்முடைய மணிக்கூடு வருடம் முழுவதும் மாறாது, அவர்களுடையது மார்ச்சிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாறும். மார்ச் மாற்றத்தைக் கவனிக்காமல் ஒரு மணித்தியாலம் பிந்திவந்து பொருளை இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். "இன்னும் எவ்வளவு நேரம்" என்று தளமே காட்டும் இறங்குகணக்கை மட்டும் நம்புங்கள்.

முன்கூட்டியே உள்நுழைந்து, தொகையை அடித்து, உறுதிப்படுத்தும் பக்கத்தைத் திறந்துவைத்து, எட்டுப் பத்து வினாடி இருக்கும்போது அழுத்துங்கள். மூன்று வினாடிவரை பொறுக்காதீர்கள். வைஃபை ஒருமுறை திணறினால் போதும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களில் இந்த வித்தை எதுவும் பலிக்கவில்லை. அப்படியான சூழலிலும், நித்திரை முழிக்க முடியாத வயதிலும் உச்சத் தொகையை முன்னமே எழுதிவிட்டுப் படுப்பதுதான் புத்தி. உங்களுக்காகக் கடைசி வினாடியில் கேட்டுத்தருகிறோம் என்று கடவுச்சொல் கேட்கும் சேவைகளுக்கு அதைக் கொடுக்கவேண்டாம்.

ஜப்பானின் யாஹூ ஏலத்தில் பல பொருட்களுக்குக் கடைசி 5 நிமிடத்தில் விலை ஏறினால் முடிவு நேரம் 5 நிமிடம் தள்ளிப்போகும். அங்கே பாய்ச்சலால் பயனில்லை. ஆகவே எந்த ஏலத்திலும் முதலில் பார்க்கவேண்டியது முடிவு விதி. நண்பர்கள் வட்ஸ்அப் குழுவில் நாணயமோ முத்திரையோ ஏலம் விட்டால்கூட, "ஒன்பது மணிக்கு முடிவா, கடைசிக் கேட்புக்குப் பிறகு ஐந்து நிமிடமா?" என்று தொடங்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முடிந்தபின் கேட்டால் சண்டை.

வாசலுக்கு வந்துசேரும் விலை

உச்சத் தொகையை எப்படி முடிவுசெய்வது? பின்னால் இருந்து கணக்குப் பாருங்கள். அந்தத் தபாலட்டை வீட்டு வாசலுக்கு வந்துசேர மொத்தம் 20,000 ரூபாய்தான் செலவழிப்பேன் என்று முடிவெடுக்கிறீர்கள். டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் அனுப்பும் செலவு 14 டொலர் என்றால் 4,200 ரூபாய். சுங்க வரி, கையாளும் கட்டணம், வங்கி அட்டை மாற்றத்தில் போகும் மேலதிகம் எல்லாவற்றுக்கும் ஒரு 4,000 ஒதுக்குங்கள். இது கணக்குக்காக நான் எடுத்த தொகை, பொருளுக்குப் பொருள் மாறும். மிச்சம் 11,800 ரூபாய். அதாவது 39.33 டொலர். நீங்கள் எழுதவேண்டியது அதுதான். 45 இல்லை.

சுங்கம் பொருளின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதியில்தான் கணக்குத் தொடங்குகிறது. பெறுமதிசேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். இதைப் பார்க்காமல் கனமான பொருட்களில் கைவைப்பவர்கள்தான் அதிகம் அழுகிறார்கள். மலிவாக வென்ற பழைய தையல் இயந்திரம் ஒன்றுக்கு அனுப்பும் செலவே பொருளின் விலையை விழுங்கிவிடும்.

நாணயமாற்றும் தனியாக எழுதிவைக்கவேண்டிய செலவு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. ஏழு நாள் ஏலம் ஒன்றின் நடுவே தரையே நகர்ந்த காலம் அது. கேட்கும் நாளின் விகிதத்தைப் பார்க்கவேண்டும், போன மாதத்து நினைவில் கேட்கக்கூடாது.

தொகையின் மறுபக்கம், பொருளின் பெறுமதி. அதற்கு ஈபேயிலேயே விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. சுமார் 90 நாள் விற்பனை தெரியும். விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், வாங்கியவர்கள் கொடுத்த விலையைப் பாருங்கள். நான் இதைக் கற்றது காசு கொடுத்து. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றில் இருந்தபடி, ஒரு புறக்கோட்டை அட்டைக்கு ஒரே இரவில் ஆறுமுறை ஏற்றிக் கேட்டு வென்றேன். இரண்டு மாதத்துக்குள் அதே அட்டை, அதே அச்சு, அரைவாசி விலைக்கு வந்தது. அவை ஆயிரக்கணக்கில் விற்பனைக்காக அச்சிட்ட அட்டைகள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். "இனிக் கிடைக்காது" என்ற எண்ணம் அந்த இரவில் என்னை ஆட்டிவைத்தது.

வென்றவருக்கே நட்டம் வரும் இந்த நிலையை 1971இல் கேப்பன், கிளாப், காம்பெல் என்ற மூன்று எண்ணெய்த் துறைப் பொறியியலாளர்கள் எழுதினார்கள். கடலடி எண்ணெய் நிலங்களுக்கான ஏலத்தில் அதிகம் கேட்டு வெல்பவர், பெரும்பாலும் பெறுமதியை அதிகம் தவறாக மதித்தவர். பத்துப் பேர் கேட்கும் பொருளில் ஒன்பது பேர் நின்றபிறகும் நீங்கள் நிற்கவில்லை என்றால், உங்களுக்குத் தெரிந்தது என்ன என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

பொய்க் கேட்புகள்

விற்பவரோ அவருடைய ஆட்களோ வேறு பெயரில் வந்து விலையை ஏற்றுவது எல்லாத் தளங்களிலும் தடை, ஆனாலும் நடக்கிறது. கேட்பு வரலாற்றைத் திறந்தால், பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தாலும், ஒருவருடைய கேட்புகளில் எத்தனை வீதம் இந்த ஒரு விற்பவரிடம் என்று ஈபே காட்டும். ஒருவர் எப்போதும் இதே விற்பவரிடம் கேட்கிறார், ஒருபோதும் வெல்வதில்லை என்றால் கவனம். அவர் உங்கள் உச்சத் தொகையைத் தொட்டுப் பார்க்கச் சிறு சிறு படியாக ஏறுவார். கடைசிப் பத்து வினாடியில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். தொட்டுப் பார்க்க அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

நீங்கள் தோற்றபிறகு, "வென்றவர் வாங்கவில்லை, உங்கள் தொகைக்கே தருகிறேன்" என்று இரண்டாம் வாய்ப்பு வரலாம். சிலவேளை உண்மை, சிலவேளை பொய்க் கேட்பு தவறிப்போய் வென்றுவிட்டதன் விளைவு. ஏற்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அந்தச் சந்தேகக் கேட்பை நீக்கிவிட்டு வரலாற்றில் விலை எங்கே நின்றிருக்கும் என்று பாருங்கள், அதுதான் அந்தப் பொருளின் விலை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் பதில் எழுதவும் வேண்டாம்.

வாகனம்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியில் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1இல் மீண்டும் வழி திறந்ததும், ஜப்பான் ஏலத்தைப் பற்றிப் பலர் என்னிடம் விசாரிக்கத் தொடங்கினார்கள். அங்கே நீங்கள் நேரே கேட்க முடியாது, முகவர் கேட்பார். அவரிடம் ஏலத் தாளின் மூலப் பிரதியைக் கேளுங்கள், தட்டச்சு செய்த சுருக்கத்தை ஏற்கவேண்டாம். தரம் 4, 4.5, 5 என்று எண்ணில் இருக்கும். ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் விபத்துக்குப் பின் திருத்தியது. வாகனப் படத்தின்மேல் உள்ள ஏ கீறல், யு நெளிவு, டபிள்யு திருத்திய அடையாளம், பக்கத்து எண் அதன் அளவு. உச்சத் தொகையை யென்னில், எழுத்தில், ஏலத்துக்கு முதல்நாள் கொடுங்கள். "கொஞ்சம் முன்னபின்ன பாத்துச் செய்யுங்கோ" என்ற வாய்வார்த்தை முகவருக்கு வெற்றுக் காசோலை.

பொதி வரும்போது

வென்றவுடன் விலைச்சிட்டை, பணம் செலுத்திய பற்றுச்சீட்டு, பொருளின் ஏலப் பக்கம் மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். ஏலப் பக்கம் சில மாதங்களில் மறைந்துவிடும். விற்பவரிடம் பெறுமதியைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். அது சட்டவிரோதம், பொதி தொலைந்தால் குறைத்த தொகைக்குத்தான் ஈடு கிடைக்கும். அறிவித்தல் சீட்டு வந்து மத்திய தபால் பரிமாற்றகத்துக்குப் போகவேண்டியிருந்தால் அந்த மூன்று தாளோடும் அடையாள அட்டையோடும் போங்கள். பொதியைத் திறக்கும்போது கைத்தொலைபேசியில் வெட்டாமல் ஒரே காணொளியாக எடுங்கள், முகவரிச் சீட்டில் இருந்து தொடங்கி. அட்டையின் மூலை மடிந்திருந்தால், அது ஏலப் படத்தில் மடியாமல் இருந்தது என்று காட்ட அந்தக் காணொளியும் அச்செடுத்த பக்கமும்தான் உங்களிடம் இருக்கும்.